படத்துக்குக் கண்ணாடி போடப் போகிறீர்களா? குமரி மேற்குப் பக்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

வீட்டுச் சுவரில் பத்திருபது வருஷமாகத் தொங்கும் ஏதாவது ஒரு படத்தை இறக்கிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்து வீடென்றால் பெரும்பாலும் இதுதான் இருக்கும்: ஓரம் கிழிந்த பிரவுன் பேப்பர், அதற்குள் ஈரம் குடித்து உப்பிய ஹார்டுபோர்டு, துருவேறிய சின்ன ஆணிகள், மூலையில் பல்லி முட்டை ஓடு இரண்டு. முன்பக்கம் திருப்பினால் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலே ஒரு பழுப்பு வளையம். சட்டமும் கண்ணாடியும் நேற்றுப் போட்டதுபோல இருக்கும். உள்ளே இருப்பதுதான் கெட்டுப்போயிருக்கும்.

இடவப்பாதியில் (வைகாசி நடுவில்) ஒரு மழை, துலாத்தில் (ஐப்பசியில்) இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் கொட்டுகிற மாவட்டம் நம்முடையது. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றாலே காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். மழை மாதங்களில் இங்கே அதற்குக் கீழே இறங்கும் நாள்தான் அபூர்வம். அதனால் சட்டத்தில் எந்த டிசைன், என்ன கலர் என்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். படத்துக்குப் பின்னால் எதை வைக்கிறார்கள், படத்தை எதைக்கொண்டு பிடிக்கவைக்கிறார்கள், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? கடையில் முதலில் கேட்க வேண்டியது இந்த மூன்றையும்தான். முதல் தடவையாகப் பிரேம் போடப் போகிறவர்களுக்காக வரிசையாகவே சொல்கிறேன்.

கடைக்குக் கிளம்புமுன்

அசலைத்தான் மாட்ட வேண்டுமா, நகல் போதுமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். சுவரில் தொங்குகிற எதுவும் வெளிச்சம் பட்டு மங்கும். மங்கிய நிறம் பிறகு திரும்பாது. 1980களில் எடுத்த கலர் போட்டோக்கள் ஏற்கெனவே சிவந்துபோய்க் கிடக்கும். அதில் நீலம் கலந்த சாயம் முதலில் போய்விட்டது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஸ்கேன் செய்து, நல்ல தாளில் பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரிண்டுக்குப் பிரேம் போடுங்கள். அசல் ஒரு காகித உறைக்குள் அலமாரியில் கிடக்கட்டும். செய்தித்தாள் நறுக்குக்கும் இதே கதைதான். அந்தத் தாளே பழுத்து நொறுங்கக்கூடிய தாள். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ், டிகிரிச் சான்றிதழ் இவற்றின் அசலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டு, வேலைக்குச் சேரும் நாளில் ஸ்க்ரூடிரைவர் தேடுகிறவர்களும் உண்டு. அதற்கும் நகலே போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய பிரேமிலிருந்து போட்டோவை எடுக்கும்போது அது கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். போட்டோவின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் அது இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் முகம் கண்ணாடியிலும் தாள் கையிலும் வரும். தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொண்டு, அதை அப்படியே விட்டுவிடுவதுதான் நல்லது.

அடுத்து, பொருளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்போ பச்சையோ புள்ளி புள்ளியாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. ஓரத்தில் மேற்பரப்பை மட்டும் சுரண்டித் தின்ற தடம் இருந்தால் ராமபாணப்பூச்சி. இவற்றோடு கண்ணாடி போட்டு மூடினால் நோயையும் சேர்த்து மூடியதாகும். நிழலில், காற்றோட்டத்தில் சில நாள் உலரவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் வீட்டுக்கு வெளியே நின்று தட்டிவிடுங்கள். மூக்கை மூடிக்கொள்ளுங்கள். வெயிலில் காயப்போட வேண்டாம். முடிந்தவரை பிரேம் வேலையை ஜனவரி முதல் மார்ச்சுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கர்க்கடக (ஆடி) மழையில் நனைந்த காற்றோடு மூடிய பிரேமுக்குள் அந்த ஈரமும் குடியிருக்கும்.

இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்பக்கத்தில் எழுத்து, ஸ்டுடியோ முத்திரை, தேதி ஏதாவது இருந்தால் அது பிரேமுக்குள் மறையப்போகிறது.

அளவு

படத்தின் அளவை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். பில்லைச் சரிபார்க்க அது உதவும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். படம் 10 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் உயரம். சுற்றிலும் மவுண்ட் அட்டை, அதாவது நடுவில் சன்னல்போல வெட்டிய அட்டை, வைக்கப்போகிறோம். அட்டையில் வெட்டும் சன்னல் படத்தைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஓரம் பிடிக்கும். ஆகவே சன்னல் 9¾ × 13¾. மவுண்ட் மேலும் பக்கங்களிலும் 2½ இஞ்ச், கீழே 3 இஞ்ச். கீழே அரை இஞ்ச் கூட்டி வைப்பது பழைய வழக்கம். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வைத்தால் படம் கீழே சரிந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும். கூட்டினால் 14¾ × 19¼. கண்ணாடி, அட்டை, பின்பலகை எல்லாம் இந்த அளவுதான். சுற்றளவு 68 இஞ்ச். சட்டத்தின் நான்கு மூலையையும் 45 டிகிரியில் வெட்டுவதால், சட்டத்தின் அகலத்தைப் போல எட்டு மடங்கு கூடுதலாகப் போகும். ஒரு இஞ்ச் அகலச் சட்டமென்றால் 8 இஞ்ச். ஆக 76 இஞ்ச், ஆறே கால் அடிக்குக் கொஞ்சம் மேல். கடைக்காரர் ஏழு அடி போட்டால் நியாயம். பத்து அடி போட்டால் ஏன் என்று கேட்கலாம். ஒரு நீளச் சட்டத்தில் மீதி வருவது வேறு யாருக்கும் ஆகாது என்று சொல்வார். சில டிசைனுக்கு அது உண்மைதான்.

இந்த இடத்தில்தான் கடையில் ஒரு கேள்வி வரும். ரெடிமேட் பிரேம் ஒன்றை எடுத்துப் படத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, “ஓரம் அர இஞ்சி வெட்டினா கரெக்டா நிக்கும் அக்கா, வெட்டட்டா?” என்பார். “வெட்டாண்டாம் அண்ணாச்சி, படத்துக்குத் தக்க பிரேமு போடுங்க” என்று சொல்லிவிடுங்கள். திருவிதாங்கூர் பகுதியின் பழைய வீடுகளில் ரவிவர்மா அச்சுப்படங்கள் இன்னும் கிடைக்கின்றன. 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த லட்சுமி, சரஸ்வதி படங்களும், அவற்றைப் பார்த்துப் பிறர் அடித்தவையும். படத்தின் கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சகப் பெயர்தான் எது எங்கே அச்சானது என்பதற்குச் சாட்சி. கத்தரி முதலில் விழுவது அந்த ஓரத்தில்தான்.

மவுண்ட்

மவுண்ட் அழகுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அதன் உண்மையான வேலை கண்ணாடியைப் படத்திலிருந்து தள்ளி நிறுத்துவது. கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் முத்துமுத்தாகப் பூக்கும்போது, அது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே உள்ள காற்றில் நிற்க வேண்டும், படத்தின் மேல் நிற்கக் கூடாது. சாதாரண மவுண்ட் அட்டை ஒன்றரை மில்லிமீட்டர் கனம் இருக்கும். தஞ்சாவூர்ப் படம்போல மேடு தட்டிய வேலைப்பாடு என்றால் அது போதாது. மவுண்டை அடுக்கியோ, கண்ணாடிக்குக் கீழே சட்டத்தின் உள்ஓரத்தில் சிறு பட்டைகள் ஒட்டியோ உயர்த்தச் சொல்லுங்கள்.

அட்டையில் தரம் உண்டு. மரக்கூழ் அட்டையில் உள்ள அமிலம் நாளாக ஆகப் படத்துக்குள் இறங்கும். பழைய பிரேம்களில் சன்னல் வெட்டிய சாய்ந்த ஓரம் காப்பிக் கலரில் இருக்கும், படத்திலும் அதே வடிவத்தில் ஒரு கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு போகாது. “ஆசிட் ஃப்ரீ அட்டை இருக்கா?” என்று கேளுங்கள். பருத்தி நாரில் செய்தது என்றால் இன்னும் மேல். சின்னக் கடையில் இல்லையென்றால் நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஓவியர்கள் போகும் கடைகளில் விசாரியுங்கள். நுண்கலைக் கல்லூரி இருக்கிற ஊர் என்பதால் திருவனந்தபுரத்தில் தேடுவது எளிது. அட்டையை நீங்களே வாங்கிக்கொண்டு வந்து உள்ளூர்க் கடையில் கொடுத்துப் போடச் சொல்லலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

எதைக்கொண்டு ஒட்டுவது

என்னைக் கேட்டால் ஒரு படம் பிழைப்பதும் சாவதும் இங்கேதான். பெவிகால் தடவிப் படத்தை முழுசாக அட்டையில் ஒட்டிவிடுகிற வழக்கம் பல கடைகளில் உண்டு. பார்க்கத் தட்டையாக, சுருக்கமில்லாமல் இருக்கும். ஆனால் அந்தப் படத்தை இனி யாராலும் பிரிக்க முடியாது. அட்டை பழுத்தால் படமும் பழுக்கும், அட்டை நெளிந்தால் படமும் நெளியும். செலோடேப் இன்னும் மோசம். சில வருஷத்தில் பிளாஸ்டிக் தனியே உரிந்து விழ, பசை மட்டும் மஞ்சள் எண்ணெய்க் கறையாகத் தாளுக்குள் ஊறி நிற்கும். மைதாப் பசை பூச்சிக்குப் போட்ட சோறு.

ஈரக் காற்றில் காகிதம் விரியும், வெயிலில் சுருங்கும். நாலு பக்கமும் இறுக்கிப் பிடித்தால் நடுவில் அலை அலையாகப் புடைத்துக்கொள்ளும். ஆகவே படம் மேல் ஓரத்தில் மட்டும் தொங்க வேண்டும், அல்லது மூலைகளில் சும்மா செருகி நிற்க வேண்டும். மேல் ஓரத்தில் தொங்கவிட மெல்லிய ஜப்பான் காகிதத் துண்டுகளும் கோதுமை ஸ்டார்ச் பசையும் பயன்படுத்துவார்கள். அது கைப்பழக்கம் வேண்டிய வேலை.

புதியவர்களுக்கு மூலைப் பைதான் எளிது, வீட்டிலேயே செய்யலாம். அமிலமில்லாத தாளில் ஒரு இஞ்ச் அகலம், இரண்டு இஞ்ச் நீளத்துக்கு நான்கு துண்டுகள் வெட்டுங்கள். ஒரு துண்டில் கீழே இருக்கும் நீளமான பக்கத்தின் நடுவைக் குறித்துக்கொண்டு, மேலே இருக்கும் இரு மூலைகளையும் அந்தக் குறிக்கு நேராக மடக்குங்கள். முக்கோணப் பை கிடைக்கும். மடிப்பு பின்பக்கம் இருக்கும்படி பிடித்து, படத்தின் ஒவ்வொரு மூலையையும் ஒரு பைக்குள் செருகுங்கள். இப்போது பைகளை மட்டும் பின்அட்டையில் ஒட்டுங்கள். பசையோ டேப்போ படத்தைத் தொடக் கூடாது. நான்கையும் இறுக்கமாக வைக்காமல் நூலிழை இடம் விடுங்கள், தாள் விரிய வேண்டுமே. சன்னல் அட்டையை மேலே மூடினால் பைகள் கண்ணில் படாது. நாளைக்கு உங்கள் பேத்தி எடுத்துப் பார்க்க நினைத்தால் அரை நிமிஷத்தில் எடுத்துவிடலாம்.

பெரிய படம், கனமான தாள் என்றால் மூலைப் பை மட்டும் தாங்காது. கீழ் ஓரத்தில் நீளப் பட்டி ஒன்று கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.

கான்வாஸில் வரைந்ததற்கு இந்த வேலை எதுவும் வேண்டாம். இப்போது நிறைய பேர் வாங்குகிற கேரளச் சுவரோவிய பாணி அக்ரிலிக் படங்களைச் சுருட்டிக் கொண்டுவருவார்கள். அதை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூலையில் ஆப்பு வைத்து முடுக்கும்படி செய்வது முறை. மழைக்குத் தொய்ந்தால் ஆப்பை லேசாகத் தட்டினால் போதும். கண்ணாடி வேண்டாம். அக்ரிலிக் பூச்சு சூட்டில் பிசுபிசுக்கும், கண்ணாடி பட்டால் ஒட்டும்.

கண்ணாடி

2 மில்லிமீட்டர் கண்ணாடிதான் வழக்கம். ஒரு சதுர அடிக்கு ஏறக்குறைய அரை கிலோ எடை. இரண்டடிக்கு மூன்றடி என்று பெரிதாகப் போகும்போது 4 மில்லிமீட்டர் போடுவார்கள். அந்தக் கண்ணாடி மட்டுமே ஐந்தரை கிலோவுக்கு மேல் வரும். அந்த அளவில் அக்ரிலிக் ஷீட் யோசிக்கலாம். எடை பாதிக்கும் குறைவு, உடையாது, பிள்ளைகள் ஓடி விளையாடும் வீட்டுக்கு ஏற்றது. ஆனால் எளிதில் கீறல் விழும். துடைக்கும்போது மின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும் என்பதால் கரி, பாஸ்டல் வைத்து வரைந்த படத்துக்கு அக்ரிலிக் கூடாது. படத்தின் பொடியையே உரித்து மேலே ஒட்டவைத்துக்கொள்ளும்.

சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். 99 சதவீதம் வரை தடுக்கிற கண்ணாடியும் இருக்கிறது, விலை பல மடங்கு. அந்தக் காசைச் செலவு செய்யுமுன், படத்தை வெயில் படாத சுவருக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். அது இலவசம்.

சட்டம்

கடையில் தொங்குவதில் பெரும்பகுதி பிளாஸ்டிக் வகைச் சட்டம்தான், ‘ஃபைபர்’ என்பார்கள். உண்மையில் பாலிஸ்டைரின். நம் ஈரத்துக்கு அது ஒன்றும் மோசமில்லை: சிதல் அரிக்காது, உப்பாது. ஆனால் அகலம் குறைந்த பிளாஸ்டிக் சட்டத்தில் கனமான கண்ணாடி ஏற்றினால் நடுவில் வளையும். பூச்சி வராமலிருக்க உள்ளே பாச்சை உருண்டை போட்டு மூடுகிறவர்கள் உண்டு. நாப்தலின் ஆவி இந்தப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். போடாதீர்கள்.

மரம் வேண்டுமென்றால் நமக்குக் குறைவில்லை. தேக்கு, பலா, அயனி எல்லாம் இங்கே மரப்பட்டறையிலேயே கிடைக்கும். பழைய வீடு பிரித்த கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது, நன்றாக உலர்ந்திருக்கும், பிறகு முறுக்காது. குலசேகரம் பக்கம் ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். போரிக், போராக்ஸ் கரைசலில் பதப்படுத்திய ரப்பர் மரமென்றால் தாராளமாகப் போடலாம். பதப்படுத்தாத பச்சைக் கட்டையில் வண்டு துளைத்து, பிரேமுக்குக் கீழே தினமும் மாவு கொட்டிக்கிடக்கும்.

மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகையில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தித் தருகிற ‘லேமினேஷன்’ பற்றி ஒரு வரி: கீழ் ஓரத்தில் ஈரம் பட்டால் ரொட்டிபோல் ஊதும், அசலை அதில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

எந்தச் சட்டமானாலும் உள்பக்கப் படியின் ஆழத்தைப் பாருங்கள். கண்ணாடி, மவுண்ட், படம், பின்அட்டை, பின்பலகை எல்லாம் அந்தப் படிக்குள் அடங்க வேண்டும். அடங்காமல் பின்பலகை வெளியே துருத்திக்கொண்டு நின்றால் ஆணியை வளைத்துச் சமாளிப்பார்கள், அதன் வழியே எறும்பு முதல் எல்லாம் உள்ளே போகும். கண்ணாடி படிக்குள் இறுகவும் கூடாது. மரம் அசைய மூன்று மில்லிமீட்டராவது விட்டு வெட்டச் சொல்லுங்கள்.

பின்பக்கம்

ஹார்டுபோர்டுக்குப் பதிலாக, தேர்தல் சமயத்தில் தட்டி அடிக்கப் பயன்படுத்துகிற நெளி பிளாஸ்டிக் அட்டை கேளுங்கள். அது பாலிப்ரொப்பிலீன். ஈரம் குடிக்காது, அமிலம் இல்லை, விலையும் கொஞ்சம்தான். கடைக்காரர் அதே மாதிரி வெள்ளையாக, கட்டியாக இருக்கிற சன்போர்டை எடுத்து நீட்டுவார், அது பி.வி.சி., வேண்டாம்.

அடுக்கிய பிறகு ஒரு வேலை, நம்ம பக்கம் அரிதாகவே செய்கிறார்கள், கேட்டால் செய்வார்கள். கண்ணாடி முதல் பின்அட்டை வரை எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி, நான்கு விளிம்பையும் சுற்றி டேப் ஒட்டி ஒரே கட்டாக ஆக்கி, பிறகு சட்டத்துக்குள் இறக்குவது. டேப் கண்ணாடியின் முன்பக்கம் ஒரு நூல் அளவுதான் ஏற வேண்டும், சட்டத்தின் ஓரம் அதை மறைத்துவிடும். மாலை போட்ட தாத்தா படத்தில் என்ன நடக்கிறது என்று கவனித்தால் இது எதற்கென்று விளங்கும். ஈர மாலையிலிருந்து சொட்டும் தண்ணீர் கண்ணாடி வழியே இறங்கி, கீழ்ச் சட்டத்தின் இடுக்கில் நின்று, அங்கிருந்து மவுண்ட் அட்டை அதை மேலே உறிஞ்சும். முதலில் தாத்தாவின் வேட்டி பழுக்கும், பிறகு சட்டை. விளிம்பை ஒட்டிவிட்டால் அந்த வழி அடைபடும்.

பின்னால் கீழ் இரண்டு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். பிரேம் சுவரில் படியாமல் விரல் கனத்துக்கு விலகி நிற்கும், நடுவே காற்று ஓடும்.

நினைவுப் பொருட்கள்

ஞானஸ்நான உடை, மெடல், தாத்தா எழுதிய பேனா, பிள்ளையின் முதல் கொலுசு போன்றவற்றுக்கு ஆழமான பெட்டிப் பிரேம் வேண்டும். பொருளின் கனத்தைவிட அரை இஞ்சாவது கூடுதல் ஆழம் சொல்லுங்கள். எதையும் பசை போட்டு ஒட்டக் கூடாது. துணியானால் தையல், உலோகமானால் கம்பியாலோ நூலாலோ கட்டு. மெடலைப் பளபளவென்று தேய்த்துவிட்டு வைக்க வேண்டாம்.

இங்கே பல வீட்டுப் பெட்டிக்குள் கிடப்பது லேஸ். லண்டன் மிஷன்காரர்கள் வந்த காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே, நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த கைத்தொழில் அது. பாட்டி பின்னிய ஒரு முழ லேஸை இப்படிப் பிரேம் செய்யலாம். பருத்தி லேஸில் பழைய கஞ்சி இருந்தால் முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள், கஞ்சி இருந்தால் பூச்சி தேடிவரும். முறுக்கிப் பிழியாமல், வெள்ளைத் துண்டில் பரப்பி, வடிவத்தை விரலால் நேராக்கிக் காயவிடுங்கள். பின்னணிக்குக் கருநீலமோ மெரூனோ பருத்தித் துணி நன்றாக எடுக்கும். ஆனால் ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்து, சாயம் வராது என்று தெரிந்த பிறகே வையுங்கள். துணியை ஒரு முறை அலசி, ஆசிட் ஃப்ரீ அட்டையில் இழுத்து மூடி, அட்டையின் பின்பக்கம் நூலால் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுங்கள். லேஸின் நிறத்திலேயே மெல்லிய பருத்தி நூல். ஊசி லேஸின் இழையைக் குத்தக் கூடாது. இழைக்கு இந்தப் பக்கம் எழுந்து அந்தப் பக்கம் இறங்கி, இழையைச் சும்மா அணைத்துப் பிடிக்க வேண்டும். மேல் ஓரத்தில் இஞ்சுக்கு ஒரு தையல், மற்ற இடங்களில் பூவும் இலையும் கனக்கிற இடம் பார்த்து. தையலை இறுக்காதீர்கள். முடிந்ததும் அட்டையை நிமிர்த்திப் பிடித்துப் பாருங்கள். எங்கே தொங்குகிறதோ அங்கே இன்னொரு தையல். கடையில் இதைச் செய்து தர மாட்டார்கள். நீங்கள் தைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பனையோலை ஜாதகம், சுவடி இருந்தால் ஏற்கெனவே உள்ள துளையிலேயே நூல் கோத்து அட்டையில் கட்டுங்கள். புல்தைலம் தடவிய கையோடு பிரேமுக்குள் வைத்தால் எண்ணெய் அட்டையில் ஊறும், நன்றாக ஆறவிடுங்கள். திருவிதாங்கூர் அஞ்சல் கார்டு கிடைத்தால் பத்திரம். அந்த அஞ்சல் துறையே 1951இல் இந்தியத் தபால் துறையோடு சேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் சங்கு முத்திரை, மறுபக்கம் யாரோ யாருக்கோ எழுதிய நலம் விசாரிப்பு என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியது, முன்னும் பின்னும் கண்ணாடி வைத்துப் போடச் சொல்லுங்கள்.

வாங்கும்போது

பிரேமைக் கையில் வாங்கியதும் இரண்டு மூலைவிட்டத்தையும் டேப் வைத்து அளந்து பாருங்கள், சமமாக இருந்தால்தான் சட்டம் சதுரம் பிடித்திருக்கிறது. மூலை இணைப்பில் நகம் நுழையக் கூடாது. கண்ணாடிக்குள் தூசி, தலைமுடி, விரல் ரேகை இருந்தால் அங்கேயே பிரித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு சொன்னால் சண்டைதான். பஸ்ஸில் கொண்டுபோகிறீர்கள் என்றால் கண்ணாடியின் மேல் மாஸ்கிங் டேப்பைக் குறுக்காக ஒட்டச் சொல்லுங்கள். உடைந்தாலும் சில்லு படத்தின் மேல் விழாது.

மாட்டுவது

தென்மேற்கு பார்த்த வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். இடவப்பாதிச் சாரல் முழுக்க அடிப்பது அந்தச் சுவரில்தான். அது உள்பக்கமும் குளிர்ந்து ஈரமாக நிற்கும். வீட்டுக்குள்ளே இரண்டு அறைக்கு நடுவிலுள்ள சுவர்தான் உலர்ந்த சுவர். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரத்தில் வீடென்றால் கொக்கி, கம்பி, ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது பித்தளை. இரும்பு உப்புக்காற்றில் அரித்து, ஒரு நாள் ராத்திரி சத்தம் கேட்கும்.

ஒற்றை ஆணி வேண்டாம், இரண்டு கொக்கி. படம் சாயாது, ஒன்று விட்டாலும் மற்றது பிடிக்கும். பிரேமின் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு கீழே வளையம் போடுவது கணக்கு. சுவரில் 6 மில்லிமீட்டர் பிட் போட்டுத் துளைத்து, ராவல் பிளக் செருகி ஸ்க்ரூ முடுக்குங்கள். சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய ஓட்டு வீட்டில் பூச்சு மட்டும் ஒரு விரல்கடை இருக்கும், அதைத் தாண்டிக் கல்லுக்குள் போகும் நீள ஸ்க்ரூ வாங்குங்கள். படத்தின் நடு, தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் கீழே, 57, 58 இஞ்சில் நின்றால் பார்க்க வசதி. நம் வீடுகளில் வாசல் நிலைக்கு மேலே, உத்தரத்தைத் தொடும்படி மாட்டி வைத்திருக்கும் படங்களை இதுவரை யார் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

கண்ணாடி துடைக்கும்போது ஸ்ப்ரேயைக் கண்ணாடியில் அடிக்காமல் துணியில் அடித்துத் துடையுங்கள். அக்ரிலிக் என்றால் அமோனியா, ஸ்பிரிட் கலந்த எதுவும் கூடாது, தண்ணீர் தொட்ட மெல்லிய துணியே போதும். மாலை போடுகிற படத்துக்கு, பிரேமின் மேல் மாட்டாமல் சுவரில் தனியாக ஒரு ஆணி அடித்து, தண்ணீரை உதறிவிட்டு அதில் தொங்கவிடுங்கள். வாடியதும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.